வட்டம் இருபத்தொன்றில் காட்டுப்பன்றி இல்லை

பூவந்திக்கொல்லை,
18 நவம்பர் 2024

மலரு,

தபால்காரர் பெல் அடித்ததும் யார் செத்தார்களோ என்று ஓடி வந்திருப்பாய். யாரும் சாகவில்லை. அண்ணன்தான். என் போன் நம்பரை நீ ப்ளாக் செய்து நான்கு மாதம் ஆகிறது. தபால்காரரை ப்ளாக் செய்ய இன்னும் வழி வரவில்லை என்பதால் இந்த ஏற்பாடு.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் துப்பாக்கி விவகாரம். லைசென்ஸில் 'பயிர்ப் பாதுகாப்பு' என்று போட்டிருந்தாலும் ஊருக்கெல்லாம் அது வேட்டை லைசென்ஸ். அப்பாவும் அதை மறுத்ததில்லை. முப்பத்தோரு வருஷத்தில் அவர் வேட்டையாடியது ஒரே ஒரு பனங்காய். அதுவும் பன்றிக்கு வைத்த குறி. ஆனால் அந்தச் சத்தம் ஒன்று போதும், ஒரு வாரத்துக்குப் பன்றி கொல்லைப் பக்கம் தலை காட்டாது. அவர் போனதும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். லைசென்ஸை என் பேருக்கு மாற்ற மனு போட்டேன். நான் இந்த ஊரில்தான் வசிக்கிறேன் என்பதற்கு இருப்பிடச் சான்று கொண்டுவா என்றார்கள்.

நம் ஊர் நிலைமை உனக்குத் தெரியும். சுரங்கத்துக்காக வீடுகளை எடுத்து, இடித்து, தெருவையும் புரட்டியாயிற்று. எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் மிஞ்சியது நம் இரண்டு ஏக்கரும் துரைராஜ் கொல்லையும்தான். துரைராஜும் சுரங்கத்தார் மாற்று மனை கொடுத்த காலனிக்குக் குடிபோய், பகலில் மட்டும் வந்து உழுதுவிட்டுப் போகிறான். நானும் உன் அண்ணியும் மோட்டார் கொட்டகையில் குடித்தனம். மோட்டாருக்கு ஒரு பாதி, எங்களுக்கு ஒரு பாதி. மோட்டாரின் பாதி கொஞ்சம் பெரியது.

தாலுகா ஆபீஸில் கிளார்க் என் பாரத்தைப் பார்த்துவிட்டு, "கிராமம் பூவந்திக்கொல்லை, சரி. வட்டம்னு கேட்ட இடத்துல இருபத்தொண்ணுன்னு எழுதிகினு வந்திருக்கீங்களே, இன்னாங்க இது?" என்றார்.

பாரத்தில் வட்டம் என்றால் தாலுகா. குறிஞ்சிப்பாடி என்று எழுத வேண்டும். நெய்வேலி டவுன்ஷிப் ஓரத்தில் தலை நரைத்தவனுக்கு வட்டம் என்றால் குவார்ட்டர்ஸ் இருக்கும் பிளாக்தானே? என் மகள் சரிதாவை டவுன்ஷிப் பள்ளியில் சேர்க்க உன் வீட்டு விலாசத்தை என் ஆதாரில் ஏற்றியதிலிருந்து பன்னிரண்டு வருஷம் எல்லாப் பாரத்திலும் வட்டம் 21 என்றே எழுதி வந்திருக்கிறேன். கை தானாக எழுதிவிட்டது. கிளார்க் ஆதாரை வாங்கிப் பார்த்தார். அதிலும் உன் வீட்டு விலாசம்தான்.

"அப்ப நீங்க குவார்ட்டர்ஸ்ல இருக்கீங்க. அங்க எதுக்குங்க துப்பாக்கி? காட்டுப்பன்னிக்கு எதுனா குவார்ட்டர்ஸ் அலாட் ஆயிருக்குதா?"

ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அங்கேதான் தப்பு செய்தேன். சிரிக்கிறவன் பொய் சொல்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆதாரை மாற்ற இருப்பிடச் சான்று வேண்டுமாம். இருப்பிடச் சான்றுக்கு மாற்றிய ஆதார் வேண்டுமாம். கடைசியில் கிளார்க் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். 'சிங்காரவேல் என்பவர் எங்கள் வீட்டில் வசிக்கவில்லை' என்று குவார்ட்டர்ஸ்காரர் எழுதிக் கையெழுத்திட்டால் போதும்.

மாப்பிள்ளையிடம் சொல்லி இரண்டு வரி வாங்கி அனுப்பு. நான் உன் வீட்டில் வசிக்கவில்லை என்பதில் உனக்கும் சந்தோஷம்தானே.

அண்ணன்
சிங்காரவேல்

•

வட்டம் 21, நெய்வேலி
29 நவம்பர் 2024

அண்ணனுக்கு மலர்கொடி எழுதுவது.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மன்னிப்பு என்ற வார்த்தை எங்காவது மடிப்பில் ஒளிந்திருக்கிறதா என்று தேடினேன். இல்லை. எதற்காக ப்ளாக் செய்தேன் என்றுகூட நீங்கள் கேட்கவில்லை.

அப்பா கருமாதிப் பந்தியில் நீங்கள் பேசியது ஞாபகம் இருக்கிறதா? இவருடைய ஷிப்ட் ஆட்கள் எட்டுப் பேர் இலையில் உட்கார்ந்திருக்கும்போது, "மாப்ள குவார்ட்டர்ஸ்ல பாதி என்னுதுங்க, ஆதாரைப் பாருங்க. வாடகை கேட்டுடுவாரோன்னு பயந்துகினுதான் அந்தப் பக்கமே போறதில்ல" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவர் மனு எழுதினார். குவார்ட்டர்ஸை வெளியாளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள் என்று.

பத்தாம் நாள் ஆபீஸிலிருந்து விசாரிக்க வந்தார்கள். அண்ணா, என் சமையலறையில் எத்தனை பேருக்குத் தட்டு இருக்கிறது என்று எண்ணினார்கள்.

இவருக்கு மெமோ வந்தது. உங்கள் பேர் எப்படி இந்த விலாசத்தில் வந்தது என்று பதில் சொல்ல வேண்டும். பள்ளி சீட்டுக்காகப் பொய் விலாசம் கொடுத்தோம் என்று எழுதினால் சரிதாவின் சான்றிதழுக்கே ஆபத்து என்று யாரோ பயமுறுத்திவிட்டார்கள். 'மைத்துனர் எங்களோடுதான் வசிக்கிறார், குடும்பத்தில் ஒருவர்' என்று எழுதிக் கொடுத்தார். பொய் எழுதிப் பழக்கமில்லாத மனிதர். நான்கு தாள் கிழித்தார். அதோடு விஷயம் அடங்கியது.

ரிட்டயர்மெண்டுக்குப் பதினெட்டு மாதம் இருக்கிறது. இப்போது நீங்கள் இங்கே இல்லை என்று கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள். தான் சொன்னது பொய் என்று அவரே எழுதிக் கொடுப்பதற்குப் பேர் இரண்டு வரியா?

முடியாது. இவரிடம் நான் கேட்கவும் மாட்டேன்.

மலர்கொடி

•

பூவந்திக்கொல்லை,
12 டிசம்பர் 2024

மலரு,

மெமோ விஷயம் எனக்குத் தெரியாது. தட்டு எண்ணிய விஷயமும் தெரியாது.

மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன். என் கையெழுத்தில் அது வேறு யாரோ எழுதியது போலிருந்தது. அடித்துவிட்டேன். ஆனாலும் இங்கே ஒரு அடித்தல் இருப்பது உனக்குத் தெரிகிறது அல்லவா, அதைக் கேட்டதாக வைத்துக்கொள்.

அன்றைக்குப் பந்தியில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா படத்துக்கு நேரே இலை போட்டுவிட்டார்கள். நாலு பேரைச் சிரிக்க வைத்தால் இறங்கும் என்று நினைத்தேன். இறங்கியது. இரண்டாம் முறை சாம்பார் வாங்கினேன்.

கடிதம் வேண்டாம், விடு. வேறு வழி பார்த்தேன். கிராம நிர்வாக அலுவலரைக் கையோடு கொல்லைக்கே கூட்டிவந்து காட்டினேன். சின்னப் பையன், மரியாதை தெரிந்தவன். உன் அண்ணி போட்ட டீயைக் குடித்தான். கொடியில் காயும் என் பனியனைப் பார்த்தான். அடுப்பைப் பார்த்தான். "நீங்க இங்கதான் இருக்கீங்க, கண்ணால பாக்கறங்க. ஆனா கம்ப்யூட்டர்ல ஊர் பேரைத் தட்டினா வீடுகள் இல்லைன்னு வருது. இல்லாத ஊர்ல ஒருத்தர் இருக்காருன்னு நான் எப்பிடிங்க எழுதறது?" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் அண்ணிதான், "அப்ப நீ குடிச்ச டீ?" என்று கேட்டாள்.

விதைக்கடலை வாங்கி மல்லாட்டை விதைத்துவிட்டோம். இரண்டு ஏக்கரும். மழை நன்றாகப் பெய்திருக்கிறது.

சிங்காரவேல்

•

வட்டம் 21, நெய்வேலி
16 ஜனவரி 2025

அண்ணா,

பொங்கல் வரிசையை கேட்டில் சாய்த்துவைத்துப் போயிருக்கிறீர்கள். கரும்பு, மஞ்சள் கொத்து, தாம்பாளம் இல்லாமல் பிளாஸ்டிக் பையில் வெற்றிலை பாக்கு. பெல் அடிக்கவில்லை. பக்கத்து வீட்டு இசக்கியம்மாள்தான் பார்த்திருக்கிறாள். "ஒங்க அண்ணாச்சி ரோட்டுக்கு அந்தப் பக்கம் சைக்கிள பிடிச்சிட்டு ரொம்ப நேரம் நின்னாவ" என்றாள்.

ஏன் உள்ளே வரவில்லை என்று நான் கேட்கமாட்டேன். வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

இவர் கரும்பை வெட்டித் தின்றார். "நல்ல இனிப்பு" என்று மட்டும் சொன்னார்.

ஒன்று கேட்கிறேன், விளையாட்டில்லாமல் பதில் சொல்லுங்கள். காலனியில் உங்களுக்கு மனை ஒதுக்கியிருக்கிறார்கள். ரோடு இருக்கிறது, குழாய் இருக்கிறது, மனிதர்கள் இருக்கிறார்கள். அண்ணி மூட்டுவலியோடு அந்தக் கொட்டகையில் எதற்காகக் கிடக்க வேண்டும்? துரைராஜைப் போலப் பகலில் வந்து பயிர் செய்தால் ஆகாதா? அந்தத் துப்பாக்கி அப்படி என்னதான் உங்களுக்கு?

மலர்

•

பூவந்திக்கொல்லை,
23 பிப்ரவரி 2025

மலரு,

விளையாட்டில்லாமல் எழுதச் சொன்னாய். அதனால்தான் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

என்னிடம் ஒரு பை நிறையக் காகிதம் இருக்கிறது. நஷ்டஈட்டு உத்தரவு, காலனி மனைச் சீட்டு, ரேஷன் கார்டு. எல்லாவற்றிலும் நம் ஊர்ப் பேருக்கு முன்னால் 'முன்னாள்' என்றோ 'கையகப்படுத்தப்பட்ட' என்றோ போட்டிருக்கிறார்கள். அப்பாவின் லைசென்ஸ் புத்தகத்தில் மட்டும்தான் 'பூவந்திக்கொல்லை கிராமத்தில் வசிக்கும்' என்று இருக்கிறது. வசித்த இல்லை, வசிக்கும். அதே வரியில் அப்பா பேருக்குப் பதில் என் பேர் வர வேண்டும். அவ்வளவுதான். துப்பாக்கியை நான் தூக்கிக்கொண்டு நடந்தால் பன்றி சிரிக்கும், எனக்குத் தெரியும்.

காலனிக்குப் போகலாம். போனால் இந்தக் கொல்லை ராத்திரியில் ஆளில்லாத கொல்லை. ஆளில்லாத கொல்லைக்கு அடுத்த எல்லைக்கல் எவ்வளவு சீக்கிரம் வரும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்ற தெருக்களுக்கு அப்படித்தான் வந்தது.

மல்லாட்டையில் காய் பிடித்துவிட்டது. மைன்ஸ் மண்மேட்டுக் கருவேலங்காட்டிலிருந்து பன்றிகள் இறங்குகின்றன. தகரம் தட்டினோம். பழைய புடவைகளைச் சுற்றிலும் கட்டினோம். உன் அண்ணியின் கல்யாணப் புடவை வரைக்கும் வேலியில் இருக்கிறது. பட்டாசு வைத்தோம். ஒரு தாய்ப் பன்றி என்னை நின்று பார்த்துவிட்டு மறுபடி நோண்ட ஆரம்பித்தது. கால் ஏக்கர் போய்விட்டது. துரைராஜ், "மோட்டார் கரண்ட்டுல ஒரு கம்பியை இழுத்து வுடுண்ணா, எல்லாரும் பண்றதுதான்" என்கிறான். நான் மாட்டேன் என்றேன். சட்டத்துக்குப் பயந்து இல்லை. உன் அண்ணி இருட்டில் எழுந்து ஒதுங்கப் போகிறவள்.

தாலுகா ஆபீஸில் மார்ச் பதினைந்து வரை கெடு. அதற்குள் சான்று இல்லாவிட்டால் மனுவை முடித்துவிடுவார்களாம். துப்பாக்கியும் திரும்ப வராது.

இதை உன்னிடம் மறுபடி கேட்பதற்காக எழுதவில்லை. நீ கேட்டதற்குப் பதில். அவ்வளவுதான்.

சிங்காரவேல்

•

வட்டம் 21, நெய்வேலி
5 மார்ச் 2025

அண்ணா,

இத்துடன் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். முதலில் அதைப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தை நான் இவரிடம் காட்டவில்லை. அரிசி டப்பாவில் வைத்திருந்தேன். அரிசி எடுக்கப் போனவர் படித்திருக்கிறார். நேற்று நைட் ஷிப்ட் முடிந்து வந்து, குளிக்காமல்கூட, மேசையில் உட்கார்ந்து எழுதினார். இந்த முறை ஒரு தாள்கூடக் கிழியவில்லை.

"ஆபீஸ்ல கேட்டா?" என்றேன்.

"கேட்டா கேக்கட்டும். ஒங்க அண்ணன் தகரம் தட்டிகினு இருக்காரு. நான் ஏசி ரூம்ல உக்காந்துகினு அவரு என்கூட இருக்காருன்னு எழுதிக் குடுத்திருக்கேன்" என்றார்.

உடனே தாலுகா ஆபீஸுக்குக் கொண்டு போங்கள். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று இருக்காதீர்கள்.

உங்கள் நம்பரை ப்ளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் நானாகப் பேசமாட்டேன். நீங்கள்தான் கூப்பிட வேண்டும்.

மலர்

•

வட்டம் 21, நெய்வேலி
14 மார்ச் 2025

அண்ணா,

கிளைச்சிறைக்கு எழுதும் கடிதத்தை அதிகாரி படித்துவிட்டுத்தான் கொடுப்பார் என்றார்கள். அதனால் இதை வக்கீல் கையில் கொடுத்து அனுப்புகிறேன். படித்ததும் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அண்ணி இங்கே இருக்கிறார். மாட்டேன் என்று எனக்கு எழுதிவிட்டு அன்றைக்கு நீங்கள் மோட்டார் கரண்ட்டில் கம்பி இழுத்தது அவருக்குத் தெரியாதாமே. "காலையில எழுந்து ஒதுங்கப் போவாதே, நான் சொல்றப்ப போன்னு சொன்னாரு. என்னா ஏதுன்னு கேக்கல" என்று சொல்லிச் சொல்லி அழுகிறார். செத்தது சினைப் பன்றி என்று வனத்துறை ரேஞ்சர் ஆட்கள் பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறார். அதைத்தான் தாங்க முடியவில்லை என்கிறார்.

உங்களை ஜீப்பில் ஏற்றிய அரை மணி நேரத்தில் தபால்காரர் என் கடிதத்தைக் கொண்டு வந்திருக்கிறார். அண்ணி அதைப் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். உறை அப்படியே இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. இவர் உங்களுக்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டார், அண்ணா. நீங்கள் எங்கள் வீட்டில் வசிக்கவில்லை என்று. ஒரு நாள் பொறுத்திருக்கலாம்.

இப்போது முக்கியமான விஷயம். அந்த உறை பிரிபடாமல் இருப்பது நல்லதாகப் போயிற்று என்கிறார் வக்கீல். உங்கள் ஆதார் வட்டம் 21. இவர் ஆபீஸுக்கு எழுதிய பதிலிலும் நீங்கள் எங்களோடு இருக்கிறீர்கள். கிராம நிர்வாக அலுவலரும் அந்த ஊரில் யாரும் இல்லை என்றுதான் எழுதியிருக்கிறார். "எல்லா ரெக்கார்டும் இவருக்குச் சாதகமா இருக்குதுங்க. அவரு அங்க இருக்கறதே இல்லைன்னு சொல்லிட்டா கேஸ் நிக்காது. யாரோ கம்பி போட்டுட்டுப் போயிட்டான், இவரு காலையில கொல்லையப் பாக்க வந்தாரு, மாட்டிகினாரு" என்கிறார்.

இவர் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டார். இந்த உறையை அடுப்பில் போட்டுவிடுகிறேன். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். இருபத்தொன்றாம் தேதி மாஜிஸ்திரேட் கேட்டால், எங்கள் வீட்டில் இருப்பதாகச் சொல்லுங்கள். வேறு ஒன்றும் பேசாதீர்கள். உங்கள் வாயை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

மலர்

•

பூவந்திக்கொல்லை,
26 மார்ச் 2025

மலரு,

வெளியே வந்து மூன்று நாள் ஆகிறது. நீ ப்ளாக்கை எடுத்துவிட்டாயாம், கோர்ட்டுக்கு வந்த உன் அண்ணி சொன்னாள். என் போன் ரேஞ்சர் ஆபீஸில் சாட்சிப் பொருளாக உட்கார்ந்திருக்கிறது. அதனால் மறுபடியும் தபால்.

கோர்ட்டில் நடந்ததை வக்கீல் உன்னிடம் கோபமாகச் சொல்லியிருப்பார். நான் நிதானமாகச் சொல்கிறேன்.

எங்கே வசிக்கிறீர்கள் என்று மாஜிஸ்திரேட் அம்மா கேட்டார்கள். வக்கீல் என் முழங்கையைப் பிடித்தார். நீ எழுதியதை எல்லாம் நான் மனப்பாடம் செய்துகொண்டுதான் போயிருந்தேன். வட்டம் 21 என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"பூவந்திக்கொல்லைங்க அம்மா."

"ஆதார்ல டவுன்ஷிப் விலாசம் இருக்கே?"

"அது பொண்ணு படிப்புக்காவப் போட்டதுங்க. நான் ஒரு நாளும் அங்க படுத்தது இல்லீங்க. எங்க மாப்ளைய அதுல இழுக்காதீங்க."

"பூவந்திக்கொல்லையில வேற யாரும் குடியிருக்காங்களா?"

"யாரும் இல்லீங்கம்மா. நானும் எங்க வூட்டுக்காரியுந்தான்."

வக்கீல் ஃபைலை மூடினார். கம்பி போட்டவன் யார் என்று அதற்குமேல் யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

உனக்குக் கோபம் வரும். மாப்பிள்ளை கூண்டில் ஏறி, சத்தியம் செய்து, எனக்காக இன்னொரு பொய் சொல்வதை நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமா? என்னால் உன் வீட்டில் தட்டு எண்ணினார்கள். அடுத்த முறை வந்தால் பாயையும் எண்ணுவார்கள். இது ஒரு காரணம். இதுதான் முழுக் காரணம் என்று எழுதலாம் என்று பார்த்தேன். எழுத முடியவில்லை. எட்டு மாதமாக நான் இங்கேதான் இருக்கிறேன் என்று ஒவ்வொரு ஜன்னலிலும் சொல்லி, ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை. அன்றைக்குத்தான் முதல்முதலாக ஒருவர் கேட்டார். பக்கத்தில் இன்னொருவர் பேனாவோடு எழுதத் தயாராக உட்கார்ந்திருந்தார். அந்த இடத்தில் போய் இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

ஜாமீன் உத்தரவில் போட்டிருக்கிறார்கள்: 'பூவந்திக்கொல்லை கிராமத்தில் வசிக்கும் சிங்காரவேல்.' நான் கேட்ட அதே வரி, முத்திரையோடு. வழக்கு முடியும்வரை இந்த இடத்தை விட்டு நான் எங்கும் குடி போகக் கூடாதாம். டவுன்ஷிப்பில் தங்கச்சி வீட்டுக்குப் போய் வரலாமா என்று கேட்கப் போனேன். "இப்பவாவது வாய மூடிகினு வாங்க" என்று வக்கீல் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

நேற்று தாலுகா ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. வன வழக்கு நிலுவையில் உள்ளவருக்குத் துப்பாக்கி உரிமம் பரிசீலிக்க இயலாது, மனு முடிக்கப்பட்டது. தபால்காரர் தேடாமல் நேராகக் கொட்டகைக்கே கொண்டு வந்து கொடுத்தார்.

மாப்பிள்ளை எழுதிய காகிதத்தை அடுப்பில் போட்டுவிட்டாயா? போடாவிட்டால், என் மைத்துனர் வீட்டை விட்டுப் போய்விட்டார் என்று மாற்றி எழுதி ஆபீஸில் கொடுக்கச் சொல். எங்கே போனார் என்று கேட்டால் கோர்ட் உத்தரவைக் காட்டட்டும், நகல் வைத்திருக்கிறேன்.

அந்தப் பன்றியை என் கண்ணெதிரேதான் அறுத்துப் பார்த்தார்கள். வயிற்றில் ஏழு. நான் ஏதாவது சொல்வேன் என்று எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை, மலரு.

உன் அண்ணியைக் கொஞ்ச நாள் அங்கேயே வைத்துக்கொள். இரண்டு வாரம் இங்கே ஆள் இல்லை, சத்தமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மல்லாட்டை பிடுங்க நீயும் மாப்பிள்ளையும் வருவதாகச் சொன்னாயாம். வர வேண்டாம். பிடுங்குவதற்கு ஒன்றும் இல்லை.

சிங்காரவேல்